ஐந்து மைல் வட்டம்

1941 கோடையில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் இரவுதோறும் ஜெர்மனிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. விடியும் வேளையில் தரையிறங்கும் குழுவினர், தூங்கப் போகும் முன் உளவுப் பிரிவு அதிகாரியின் மேசை முன்னால் உட்கார வேண்டும். எத்தனை மணிக்குக் குண்டு போட்டீர்கள், எந்த உயரத்தில், கீழே என்ன தெரிந்தது என்று அவர் கேட்பார். இலக்கைக் கண்டோம், போட்டோம், தீ எழுந்தது என்பார்கள். அவர் எழுதிக்கொள்வார். அந்த ஏடுகள் படிப்படியாக மேலே போய் லண்டனில் ஒரு கணக்காகத் திரண்டன. இன்னும் எத்தனை விமானம் கட்டுவது, அதற்கு எவ்வளவு அலுமினியம், எத்தனை தொழிலாளர் என்பதெல்லாம் அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசப்பட்டன.

அந்த இளைஞர்கள் பொய் சொல்லவில்லை. இருட்டடிப்பில் கிடக்கும் நாடு, பல ஆயிரம் அடி உயரம், கீழே மேகம், சுற்றிலும் பீரங்கி வெடிப்பு. திசைகாட்டியும் கடிகாரமும் நட்சத்திரங்களும்தான் துணை. காற்று நினைத்ததைவிடக் கொஞ்சம் பலமாக வீசினாலும் ஒரு மணி நேரத்தில் பல மைல் விலகிப் போயிருப்பார்கள். இந்நேரம் அந்த நகரம் வந்திருக்க வேண்டும் என்று மனம் காத்திருக்கும்போது கீழே ஒரு வெளிச்சம் தெரிந்தால், அது அந்த நகரமாகவே தெரியும். ஜெர்மானியர்கள் வெட்டவெளியில் போலி நெருப்புகளையும் மூட்டி வைத்திருந்தார்கள்.

சில விமானங்களில் மட்டும் ஒரு கேமரா இருந்தது. குண்டோடு சேர்ந்து ஒரு ஒளிக்குண்டும் விழும். அது பளிச்சிடும் நொடியில் கீழே உள்ள நிலம் படத்தில் பதிந்துவிடும். சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகரான செர்வெல் பிரபு, இந்தப் படங்களை விமானிகளின் அறிக்கையோடு ஒப்பிடும் வேலையைத் தன் செயலாளர் டேவிட் பென்சுசன்-பட்டிடம் கொடுத்தார். பட் ராணுவத்தினர் அல்லர். பொருளியல் படித்தவர், கெயின்ஸின் மாணவர். கெயின்ஸின் 'பொதுக் கோட்பாடு' நூலுக்குப் பின்னிணைப்பாக வரும் சொல்லடைவைத் தயாரித்தவர். அந்தப் பொறுமைதான் இந்த வேலைக்கும் தேவைப்பட்டது. படத்தில் தெரியும் நிலம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பது ஒரு பக்கம். அதே விமானம் எங்கே தாக்கியதாகச் சொன்னது என்பது மறுபக்கம். இப்படி 633 படங்கள்.

ஆகஸ்ட் 18ஆம் தேதி அறிக்கை தயாரானது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில், மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள்ளாவது போயிருந்தது. ஜெர்மனியின் தொழிற்சாலைகள் அடர்ந்த ரூர் பகுதியில் பத்தில் ஒன்று. முழுநிலவு இரவில் ஐந்தில் இரண்டு. அமாவாசை ஒட்டிய இரவுகளில் பதினைந்தில் ஒன்று. ஐந்து மைல் ஆரமுள்ள வட்டம் என்றால் சுமார் 200 சதுர கிலோமீட்டர். அந்தப் பெரிய வட்டத்துக்குள் எங்கே விழுந்திருந்தாலும் 'அடைந்தது' என்றே பட் கணக்கில் சேர்த்தார். அப்படித் தாராளமாக அளந்தும் இவ்வளவுதான்.

நிபுணர் மதிப்பீடுகளின் நம்பகத்தன்மை பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த அறிக்கைதான் முதலில் நினைவுக்கு வரும். இதில் மோசடி இல்லை, சோம்பல் இல்லை. தம் தொழிலை நன்றாகக் கற்றவர்கள், உயிரைப் பணயம் வைத்தவர்கள், நேரில் கண்டதைச் சொன்னவர்கள். எல்லோரும் ஒரே திசையில் தவறினார்கள். தவறைக் காட்டியது அவர்களைவிடப் பெரிய நிபுணர் ஒருவர் இல்லை. அவர்கள் சொல்லைச் சாராமல் தனியே நின்ற ஒரு சாட்சி அதைக் காட்டியது.

பாதுகாப்புத் துறையின் சங்கடம், இப்படிப்பட்ட சாட்சி அங்கே அபூர்வம் என்பது. ஒரு மருத்துவரின் கணிப்பு சரியா என்று சில வாரங்களில் தெரிந்துவிடும். வானிலை அதிகாரிக்கு மறுநாளே தெரியும். எல்லையில் போர் மூண்டால் எத்தனை நாளைக்கு வெடிமருந்து தாங்கும், எந்த ரேடார் முதலில் தேவை, பத்தாண்டு கழித்து எதிரியிடம் எத்தனை நீர்மூழ்கி இருக்கும் என்று சொல்பவரின் கணிப்பைச் சோதிக்கப் போர் வர வேண்டும். அது வரக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும். ஆகவே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கைக்கு எட்டும் வேறொரு சோதனையைச் செய்கிறார்கள்: நிபுணர்கள் தமக்குள் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்கிறார்கள்.

இதற்குப் பழகிய கருவி ஒன்று உண்டு. மாரிஸ் கெண்டாலும் பாபிங்டன் ஸ்மித்தும் 1939இல் தந்த ஒத்திசைவுக் கெழு. ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு விமானத் தளத்துக்கு நான்கு தேவைகள்: ரேடார், வெடிமருந்து, ஓடுபாதைச் செப்பனிடல், லாரிகள். பணம் எல்லாவற்றுக்கும் போதாது. ஐந்து அதிகாரிகளிடம் முக்கியத்துவப்படி 1 முதல் 4 வரை வரிசை போடச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரேடாருக்கு நான்கு பேர் 1, ஒருவர் 2, மொத்தம் 6. வெடிமருந்துக்கு 2, 2, 2, 3, 1, மொத்தம் 10. ஓடுபாதைக்கு 3, 3, 4, 2, 3, மொத்தம் 15. லாரிகளுக்கு 4, 4, 3, 4, 4, மொத்தம் 19.

ஆளுக்கொரு பக்கமாக இழுத்திருந்தால் நான்கு மொத்தங்களும் ஏறத்தாழ 12.5ஐச் சுற்றியே நின்றிருக்கும். அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்கிறோம்: 6.5, 2.5, 2.5, 6.5. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 97. ஐவரும் ஒரே வரிசையைப் போட்டிருந்தால் இந்தக் கூட்டுத்தொகை 125 ஆகியிருக்கும். 97ஐ 125ஆல் வகுத்தால் 0.776. முழு ஒற்றுமை என்றால் 1, ஒற்றுமையே இல்லை என்றால் 0. ஐந்து பேரும் கண்ணை மூடிக்கொண்டு வரிசை போட்டு இந்த அளவு ஒற்றுமை தற்செயலாக வர, நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. கோப்பில் 'நிபுணர் கருத்து நம்பகமானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

இங்கேதான் நான் கையைப் பிடித்து நிறுத்த விரும்புகிறேன். 0.776 என்ற எண் இந்த ஐவரைப் பற்றிச் சொல்கிறது. ரேடாரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஐவரும் ஒரே பயிற்சிக் கல்லூரியில் படித்திருக்கலாம், ஒரே தளபதியின் கீழ் வேலை பார்த்திருக்கலாம், கூட்டத்துக்கு முந்தைய இரவு ஒரே அறிக்கையைப் படித்திருக்கலாம். அப்போது ஐந்து வாய்கள் இருந்தாலும் கருத்து ஒன்றுதான். பட்டின் படங்களுக்கு முந்தைய நாள் பிரிட்டிஷ் விமானிகளிடம் இந்தக் கெழுவைக் கணக்கிட்டிருந்தால் அதுவும் மிக அழகான எண்ணாக வந்திருக்கும்.

கெழு குறைவாக வந்தால் அது நிச்சயம் பயனுள்ள செய்தி. நிபுணர்கள் கேள்வியை வெவ்வேறாகப் புரிந்துகொண்டார்கள் என்றோ, விஷயம் உண்மையிலேயே தெளிவில்லாதது என்றோ அது எச்சரிக்கிறது. அதிகமாக வரும்போதுதான் அடுத்த கேள்வி கேட்கப்படாமல் போகிறது.

ஒருவர் சொல் இன்னொருவரைச் சாயச் செய்யக்கூடாது என்ற அறிவு ராணுவத்துக்குப் புதிதல்ல. ராணுவ நீதிமன்றங்களில் தீர்ப்புக்கான கருத்தைப் பதவியில் இளையவரிடமிருந்து கேட்கத் தொடங்குவது பழைய வழக்கம். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் வாக்கு அவருடைய எதிரொலியாகிவிடும். ஒரு சிப்பாயின் தலைவிதிக்கு எடுத்துக்கொள்ளும் இந்த எச்சரிக்கையைப் பல ஆயிரம் கோடி ரூபாய்க் கொள்முதலுக்கும் எடுத்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு.

அமெரிக்க விமானப் படைக்காக இயங்கிய ராண்ட் நிறுவனம் இதைத்தான் முறைப்படுத்த முயன்றது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 1950களின் தொடக்கத்தில் நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் ஏழு நிபுணர்களை எடுத்துக்கொண்டார்கள்: நான்கு பொருளியலாளர்கள், கட்டடச் சேதம் அறிந்த ஒருவர், அமைப்புப் பகுப்பாய்வாளர் ஒருவர், மின்னணுப் பொறியாளர் ஒருவர். அவர்களை ஒருவரோடொருவர் பேசவிடவில்லை. நீங்கள் சோவியத் திட்டமிடுபவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவு குறைக்க எத்தனை அணுகுண்டு வேண்டும்? கேள்வித்தாள் வாரம் ஒன்றாக ஐந்து சுற்று போனது. ஒவ்வொரு சுற்றிலும் மற்றவர்கள் எந்தக் காரணிகளை எண்ணிப் பார்த்தார்கள் என்பது பெயரில்லாமல் திரும்பி வந்தது. ஆய்வு 1963இல்தான் வெளியானது. டெல்ஃபி முறை என்று இன்று உலகம் முழுவதும் வழங்குவது இதுதான்.

முதல் சுற்றில் ஒருவர் 50 குண்டு என்றார், இன்னொருவர் 5,000 என்றார். இறுதியில், ஆய்வாளர்கள் செய்த சில திருத்தங்களுக்குப் பிறகு, எல்லா விடைகளும் 167க்கும் 360க்கும் நடுவே வந்து நின்றன. நூறு மடங்கு வேறுபாடு இரண்டு மடங்குச் சொச்சமாகச் சுருங்கியது. சுருங்கியது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். சரியான விடைக்கு அருகில் போய்ச் சுருங்கியதா என்று யாரும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டிய நிலை மனித குலத்துக்கு வராமல் போனது பெரும் பேறு. 1974இல் அதே ராண்டிலிருந்து ஹரால்டு சாக்மன் இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தார். கும்பல் எங்கே நிற்கிறது என்று தெரிந்ததும் தனியே நிற்பவர் மெல்ல நகர்ந்து வந்துவிடுவது மனித இயல்பு. அந்த நகர்வைப் புதிய அறிவு என்று எண்ணிவிடக்கூடாது. 5,000 என்று சொன்னவரிடம் மற்றவர்கள் கவனிக்காத ஒரு காரணம் இருந்திருந்தால், அது சராசரிக்குள் கரைந்து போயிருக்கும்.

மதிப்பீடு சொற்களில் இருக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. 1951 மார்ச்சில் அமெரிக்க உளவு அமைப்பு, சோவியத் அணி யூகோஸ்லாவியாவைத் தாக்குமா என்று ஆராய்ந்து, 'கணிசமான சாத்தியம்' இருக்கிறது என்று எழுதியது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் யேல் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஷெர்மன் கென்ட். சில நாள் கழித்து வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் அவரிடம், அப்படியென்றால் எவ்வளவு என்று சாதாரணமாகக் கேட்டார். 100க்கு 65 என்றார் கென்ட். கேட்டவர் திடுக்கிட்டார், அவரும் அவருடைய சகாக்களும் அதைவிட மிகக் குறைவாக எண்ணியிருந்தார்கள். கென்ட்டுக்குத் தூக்கம் கெட்டது. அந்த வாசகத்துக்கு ஒருமனதாக ஒப்புதல் தந்த தன் சக மதிப்பீட்டாளர்களைத் தனித்தனியே கேட்டார். ஒருவர் மனதில் 20 இருந்தது, இன்னொருவர் மனதில் 80. சொல்லில் கெழு 1. மனங்களில் ஆளுக்கொரு எண்.

நம் மொழியிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'அனேகமாக மழை வரும்', 'மழை வந்தாலும் வரும்', 'வர வாய்ப்பிருக்கிறது'. ஒவ்வொன்றும் நூற்றுக்கு எவ்வளவு என்று வீட்டில் நாலு பேரிடம் தனித்தனியாக எழுதி வாங்கிப் பாருங்கள். கென்ட் 1964இல் எழுதிய கட்டுரையில் சொல்லுக்கு எண் கட்டும் ஒரு பட்டியலை முன்வைத்தார்: ஏறக்குறைய உறுதி என்றால் 93, ஆறு கூடலாம் குறையலாம், அனேகமாக என்றால் 75, பன்னிரண்டு கூடலாம் குறையலாம். எண்ணை எதிர்த்தவர்களை அவர் கவிஞர்கள் என்று அழைத்தார். எண் பொய்யான துல்லியத்தைத் தரும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எண் தவறானால் பிறகு பிடித்துவிடலாம். 'கணிசமான' என்பதை எந்தக் காலத்திலும் பிடிக்க முடியாது. படையெடுப்பு நடந்தாலும் அது சரி, நடக்காவிட்டாலும் சரி.

சாட்சி இல்லாத இடத்தில் சாட்சியை உண்டாக்குவது எப்படி? வேறு வழியாக அதே எண்ணை அடைய முடியுமா என்று பார்ப்பது ஒன்று. ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கி செய்கிறது என்பதை நேச நாடுகளின் உளவுத் துறை வழக்கமான வழிகளில் கணித்தது. 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் சொன்ன எண் 1,550. கைப்பற்றிய டாங்கிகளின் வரிசை எண்களை மட்டும் வைத்துக் கணக்கிட்ட புள்ளியியலாளர்கள் 327 என்றார்கள். போர் முடிந்து ஜெர்மன் பதிவேடு கிடைத்தபோது அதில் இருந்தது 342. கிடைத்த எண்களில் பெரியது 60, பார்த்த வண்டிகள் ஐந்து என்றால், அறுபதோடு அதன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி ஒன்றைக் கழி: 71. அடிப்படை யோசனை இவ்வளவுதான். உளவு அதிகாரிகள் எண்ணிய 1,550 எத்தனை முடிவுகளை வளைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி, மதிப்பிடுபவரையே அளப்பது. கடைத் தராசில் நிறுத்துத் தரும் பருப்பு சரியான எடைதானா என்று நாம் ஒவ்வொரு முறையும் சோதிப்பதில்லை. தெரிந்த எடைக்கல்லை வைத்து அந்தத் தராசை அதிகாரி சோதித்து முத்திரை போட்டிருக்கிறார். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ரோஜர் குக் வகுத்து 1991இல் நூலாகத் தந்த முறை இதே வேலையை நிபுணரிடம் செய்கிறது. விடை தெரியாத பெரிய கேள்வியோடு, விடை நமக்குத் தெரிந்த, நிபுணருக்குக் கைவசம் இல்லாத சில கேள்விகளையும் அதே துறையிலிருந்து சேர்த்துக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நிபுணர் ஒற்றை எண் தராமல், இதற்குக் கீழே போக 5 விழுக்காடு, இதற்கு மேலே போக 5 விழுக்காடு என்று எல்லை தர வேண்டும். எல்லைகளுக்குள் உண்மை பத்துக்கு ஒன்பது முறை விழுகிறதா? பலருக்கு ஐந்தாறு முறைதான் விழும். அறியாமையைவிட, தன் அறியாமையின் அளவு தெரியாததே இங்கே அகப்படுகிறது. இந்தச் சோதனையில் பெற்ற மதிப்பைப் பொறுத்தே பெரிய கேள்வியில் அவர் சொல்லுக்கு எடை தரப்படுகிறது. தோளில் உள்ள நட்சத்திரங்களைப் பொறுத்து அல்ல. பதவி உயர்ந்த ஒருவர் இதற்கு உட்காரச் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் நடைமுறையில் பெரிய தடை.

சாட்சி தவறாமல் வந்து சேரும் ஒரு இடம் பாதுகாப்புத் துறையிலும் உண்டு. அது செலவு. போர் வராமல் போகலாம், பில் வராமல் போகாது.

சென்னைக்கு மேற்கே ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்கு 1974இல் அனுமதி கிடைத்தபோது மதிப்பீடு 15.5 கோடி ரூபாய், பத்தாண்டு. உருவாக்கத் திட்டம் 1995இல் முடிந்தபோது செலவு 305.6 கோடியாகியிருந்தது. விலைவாசி உயர்வைக் கழித்தாலும் சில மடங்கு. முதல் ஐந்து வண்டிகள் படையிடம் வந்தது 2004 ஆகஸ்டில். ஆவடியில் உழைத்தவர்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. முதலில் நினைத்தது 40 டன் வண்டி, 105 மில்லிமீட்டர் பீரங்கி. இடையில் ராணுவத்தின் தேவை மாறி, முடிவில் 120 மில்லிமீட்டர் பீரங்கியோடு 58.5 டன். மதிப்பிட்ட பொருள் வேறு, செய்த பொருள் வேறு. ஆனால் இப்படி மாறும் என்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியாகியிருக்க வேண்டும். எந்த நாட்டு டாங்கியும் போர் விமானமும் முதல் தாளில் எழுதிய எடையோடு முடிந்ததாகச் சரித்திரம் அரிது. அமெரிக்காவின் எஃப்-35 திட்டத்துக்கு 2001இல் 23,300 கோடி டாலர் என்றார்கள். 2012இல் அது 39,500 கோடியைத் தாண்டியது, விமானங்களின் எண்ணிக்கையோ 2,866இலிருந்து 2,457ஆகக் குறைந்திருந்தது.

திட்டத்தை நடத்துபவரே அதன் செலவையும் மதிப்பிட்டால், அவர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் எண் கீழ்நோக்கியே சாயும். குறைவாகச் சொன்னால்தான் திட்டம் பிறக்கும். 1972இல் பென்டகனில் தனிச் செலவு மதிப்பீட்டுக் குழு ஒன்றை அமைத்தது இதனால்தான். 1982இல் வந்த நன்-மெக்கர்டி சட்டம், செலவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நாடாளுமன்றத்திடம் சொல்லியாக வேண்டும் என்றது. எஃப்-35 காட்டுகிறபடி இவற்றால் செலவு கட்டுக்குள் நிற்கவில்லை. ஆனால் முதலில் என்ன சொன்னார்கள், பிறகு என்ன ஆனது என்ற இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. அடுத்த திட்டத்துக்கு மதிப்பீடு கேட்கும்போது அவை எடைக்கல்லாகும்.

சரிபார்ப்பது மட்டும் போதுமா என்ற கேள்வியும் என்னை விடுவதில்லை. பட்டின் அறிக்கைக்குப் பிறகு வழிகாட்டும் ரேடியோக் கருவிகள் வந்தன. கூடவே, தொழிற்சாலையைத் தொட முடியாது என்றால் நகரத்தையே குறிவைக்கலாம் என்ற முடிவும் 1942 பிப்ரவரியில் வந்தது. அதே செர்வெல் அந்த மார்ச்சில், வீடுகளை அழித்து ஜெர்மானியர்களில் மூன்றில் ஒரு பங்கினரை வீடற்றவர்களாக்கலாம் என்று ஒரு கணக்குத் தந்தார். அறிவியலாளர் ஹென்றி டிசார்ட் அதைத் தனியே போட்டுப் பார்த்து ஐந்து மடங்கு மிகை என்றார். இயற்பியலாளர் பாட்ரிக் பிளாக்கெட் தனியே போட்டு ஆறு மடங்கு என்றார். இரண்டு தனிச் சாட்சிகள் ஒரே இடத்துக்கு வந்திருந்தன. இருவர் சொல்லும் எடுபடவில்லை. போருக்குப் பிந்தைய ஆய்வில் பத்து மடங்கு மிகை என்று தெரிந்ததாக எழுத்தாளர் சி. பி. ஸ்னோ எழுதினார். அதற்குள் எத்தனை குடும்பங்கள் எரிந்து போயிருந்தன. சரிபார்க்கும் கணக்கைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லாதபோது அது இன்னொரு கருத்தாகவே தள்ளிவைக்கப்படுகிறது.

அந்தக் கட்டாயம் சிறிய அளவில் நிறைவேறிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். கனடா அரசின் உளவு மதிப்பீட்டுப் பிரிவு ஒன்றில், ஆய்வாளர்கள் தங்கள் கணிப்புகளுக்கு எண் கட்டும் பழக்கம் இருந்தது. டேவிட் மான்டலும் ஆலன் பார்ன்ஸும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் எழுதப்பட்ட 1,514 கணிப்புகளை எடுத்து, பிறகு நடந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். கணிப்புகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. ஒரு குறை மட்டும் தெரிந்தது, அது யாரும் எதிர்பாராத திசையில். அந்த ஆய்வாளர்கள் தேவைக்கு மேல் தயங்கியிருந்தார்கள். 75 என்று எழுதிய இடங்களில் இன்னும் துணிந்து எழுதியிருக்கலாம். தங்கள் சொல் எவ்வளவு தாங்கும் என்பது அவர்களுக்கே அந்தப் பழைய தாள்களைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.